சரீர உத்தமபாளையம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தள்ளி உட்கார்ந்தால் இந்தக் கதை காதில் பாதிதான் விழும். ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னதால் பெற்ற தாய் கிடக்கும் வீட்டுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்ற ஒருவனைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் கசக்கும். பிள்ளைகளுக்குப் பாகற்காய் ஊட்டுகிற மாதிரி மெதுவாகத்தான் ஊட்டுவேன், பயப்படாதீர்கள்.

தேனியில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் பாண்டியம்மாளின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. அவர் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அனுமந்தன்பட்டிக்காரர். குரலை உயர்த்தியே பேசத் தெரியாதவர். கூட்டாளி ஜெனிபர் வக்கீல். போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். வருகிற வேலையெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, வேலை நிஜமா என்று அலைந்து அலைந்து ஜெனிபருக்குச் சலித்துவிட்டது. ஒரு நல்ல புதிர் வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் முன்னால்தான் அன்றைக்குக் காலையில் சூசைமாணிக்கம் வந்து உட்கார்ந்தார்.

ராயப்பன்பட்டிக்காரர். ஐம்பதைத் தொட்டவர். திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். மருந்தடித்து மருந்தடித்து விரல் நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

"என் தம்பின்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் வந்திருக்கான் மேடம். அவன் என் தம்பி இல்லைன்னு விசாரிச்சு எழுதிக் குடுக்கணும். கையில ஏதாவது இருந்தாத்தான் கேஸ் போடுவோம்னு ஸ்டேஷன்ல சொல்றாக."

"இல்லைன்னா எழுதிக் குடுக்குறோம்," என்றார் பாண்டியம்மாள். "ஆமான்னு வந்துட்டா?"

"வராது."

தம்பி இன்னாசி பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போனவன். சர்ச் சாமியார் ஆகிற படிப்புக்குப் போ என்று அப்பா சொல்ல, மாட்டேன் என்று இவன் சொல்ல, அப்பா மாட்டுக் கயிற்றால் விளாசிவிட்டார். 'நான் உசுரோட இருக்குறவரைக்கும் இந்த வாசலை மிதிக்காதே' என்றும் சொல்லிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். போன வருஷம் அம்மா சவரியம்மாளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. இப்போது, போன மாதம், மலைக்கு அந்தப் பக்கமிருந்து முகமெல்லாம் தீக்காயத்தோடு ஒருவன் இறங்கி வந்து 'நான்தான் இன்னாசி' என்கிறான். அவனிடம் இருக்கிற அடையாள அட்டையில் ராஜு என்று பெயர்.

"ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணினா முடிஞ்சு போச்சே சார்," என்றாள் ஜெனிபர்.

"கோர்ட்டு சொல்லாம நான் எதுக்கும்மா ரத்தம் குடுக்கணும்? ரோட்டுல போறவன் எல்லாம் தம்பிம்பான். வரிசையா குத்திக்கிட்டே இருக்கவா? அதான் நானே ஒரு பரீட்சை வச்சேன். ராயப்பன்பட்டியில பொறந்த பிள்ளைக்கு விசுவாசப் பிரமாணம், அதான் இன்னின்னதை நம்புறேன்னு சொல்ற செபம், தெரியாம இருக்குமா? பங்குச் சாமியார் முன்னால நிறுத்தி, பழைய செபத்தைச் சொல்லுறான்னேன். முக்கால்வாசி சொல்லிட்டான். எங்கிட்டோ பாடம் பண்ணிட்டு வந்திருக்கான். கடைசியில கவுந்துட்டான். 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்'னு வரணும். மறுபடியும் அதே உத்தமபாளையம்! 'சரீர உத்தமபாளையத்தை விசுவசிக்கிறேன்'ங்குறான். கூடியிருந்த சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்குது."

ஜெனிபருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உத்தானம்னா உயிர்த்தெழுதல் அக்கா," என்று பாண்டியம்மாளுக்கு விளக்கினாள். "செத்த உடம்பு கடைசி நாள்ல எந்திரிக்கும்னு நம்புறோம்ல, அது. எங்க சபையில நேராவே உயிர்த்தெழுதல்னு சொல்லிருவோம். இவுக கத்தோலிக்கப் பழைய செபத்துல அந்த வார்த்தை."

"இவன் எல்லாரையும் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுல எந்திரிக்க வைக்கிறானாக்கும்," என்றார் பாண்டியம்மாள். அவர் முகத்தில் சிரிப்பில்லை. "அந்த ஆளு அதுக்கு என்ன சொன்னாரு?"

"'எங்க வீட்ல அப்பிடித்தான்'ங்குறான். எங்க வீட்ல ஒரு பயலும் அப்பிடிச் சொன்னதில்ல."

ஜெனிபர் அன்றே குமுளி ஏறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டங்களில் விசாரித்தாள். ராஜு பல வருஷம் அங்கே வேலை பார்த்தவன்தான். ராயப்பன் என்றும் இன்னாசி என்றும் வாயில் நுழையாத கணக்குப்பிள்ளை எல்லாத் தமிழ்ப் பையன்களுக்கும் ராஜு என்றே பெயர் போடுவாராம். ஏலக்காய் உலர்த்தும் கட்டடம் தீப்பிடித்தபோது முகம் வெந்தது. ஊர் எது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டானாம்.

"சொந்தம் சொல்லாத ஆளு, பேரும் வேற, செபமும் தப்பு," என்றாள் திரும்பி வந்த ஜெனிபர். "எழுதிரலாமா அக்கா?"

"எழுதுறது நிமிஷ வேலை. அவர் ஜெயிலுக்குப் போனா திரும்பி வர்றதுக்குள்ள அந்தம்மா இருப்பாகளான்னு தெரியாது. ஒரு நடை பார்த்துட்டு வந்துருவோம்."

சின்னமனூர் தாண்டி உத்தமபாளையத்தில் திரும்பி அவர்கள் ராயப்பன்பட்டிக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. அந்த மனிதன் ஊர்க்கோடியில் யாரோ ஒருவர் தோட்டத்தில் கூலிக்கு நின்றான். பந்தல் நிழலில் திராட்சைக் குலைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தவன் இவர்களைக் கண்டதும் துண்டை எடுத்து முகத்தைப் பாதி மூடிக்கொண்டான். பழக்கம்.

"நீங்க சொன்னது தப்புன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் பாண்டியம்மாள்.

"சின்ன வயசுலயே தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீக?"

"எங்கண்ணன் செபம் சொல்லுன்னா, எனக்கு வீட்டுச் செபம்தான் வரும். வேற என்ன வரும்?" தீயில் புகை குடித்த தொண்டை; மலையாளம் கலந்த சொற்கள் உரசி உரசி வெளியே வந்தன. "நான் பறஞ்சது என்னன்னு அண்ணனுக்கு மனசுலாகும். அவுகளும் சிரிச்சாக. அதான் எனக்குப் புரியல."

"இப்ப எதுக்கு வந்தீக?"

"ஆத்தாவுக்குப் பேச்சு நின்னு போச்சுன்னு குமுளிச் சந்தையில ஒருத்தர் சொன்னாரு. அய்யா செத்ததும் அவர் சொல்லித்தான் தெரியும். இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு யாருக்கும் வேணாம்னுதான் கெடந்தேன்." கத்தரியைக் கீழே வைத்தான். "தோட்டம் தொரவு ஒண்ணும் வேணாம்னு எழுதித் தாரேன். ஆத்தா பக்கத்துல உக்காரணும். அம்புட்டுத்தான். உள்ள விடச் சொல்லுங்க."

"நல்லா நடிக்கிறான்," என்றாள் ஜெனிபர், வழியில். சொல்லும்போதே அவளுக்கு அது உறுதியாகப் படவில்லை.

சூசைமாணிக்கத்தின் வீட்டில் அவர் மனைவி அருளாயி காப்பி கொடுத்தாள். பக்கத்து அறையில் கட்டிலில் சவரியம்மாள் கிடந்தார். துணி வெள்ளையாகத் துவைத்திருந்தது. தலையில் எண்ணெய் வைத்துச் சீவியிருந்தது. ஒரு வருஷம் படுத்த உடம்பில் ஒரு புண் கிடையாது. அதை ஜெனிபர் கவனித்தாள். தாயைப் பார்த்துக்கொள்வதில் இந்த மகனைக் குறை சொல்ல முடியாது.

சுவரில் திருஇருதயப் படம். அதன் முன்னால் மெழுகுவர்த்தித் தண்டில் பழைய மெழுகு தடித்து வழிந்திருந்தது. அதன்மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. கோயிலில் மத்தியான மணி அடித்தது. கட்டிலில் அந்த அம்மாவின் உதடுகள் அசைந்தன. அருளாயி சட்டென்று எழுந்துபோய் டி.வி. சத்தத்தைக் கூட்டினாள். நாடகத்தில் யாரோ மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுல செபம் சொல்றது உண்டாம்மா?" என்று சத்தத்துக்கு மேலே கேட்டார் பாண்டியம்மாள்.

"தெனம் சாயங்காலம் உண்டு. இந்தப் பயல் வந்ததுல இருந்து நிப்பாட்டியாச்சு. அத்தைக்குச் சத்தம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பாண்டியம்மாள் டி.வி.யை ஒரு பார்வை பார்த்தார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, கோயிலுக்குப் போகலாம் என்று எழுந்தார்.

பங்குச் சாமியார் நடுத்தர வயதுக்காரர். அன்றைக்கு நடந்ததைச் சொல்லும்போது அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எத்தனை தடவை சொல்லச் சொன்னீக சாமி?"

"ஒரே தடவைதான். அதுக்கே சிரிப்பாச் சிரிச்சு முடிஞ்சு போச்சு."

"பழைய செபம்தான் வேணும்னு கேட்டது நீங்களா?"

"சூசைதான். கோயில்ல புதுசுதான் சொல்றோம். அதுல 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்'னு வரும். இன்னாசி இங்க இருந்தப்பவும் கோயில்ல அதுதான். பழசை வீடுகள்லதான் வச்சிருந்தாங்க."

"ஒரு பரீட்சைக்கு ஏன் இந்தச் செபத்தை எடுக்கணும் சாமி? எங்களுக்கெல்லாம் குலசாமி பேரைக் கேப்பாக. ஒங்களுக்கு இதா?"

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிடித்த விஷயம் போலிருக்கிறது. "இது பொருத்தமான கேள்விதான். லத்தீன்ல விசுவாசப் பிரமாணத்துக்கு 'சிம்போலும்'னு பேரு."

"போலுமா? பேருலயே சந்தேகமா இருக்கே."

சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். "கிரேக்கத்துல இருந்து வந்த சொல்லும்மா. பழைய காலத்துல ரெண்டு பேர் ஒப்பந்தம் பண்ணினா, ஒரு ஓட்டுத் துண்டையோ மோதிரத்தையோ ரெண்டா ஒடைச்சு ஆளுக்குப் பாதி வச்சுக்குவாங்க. பல வருஷம் கழிச்சு மகனோ பேரனோ அந்தப் பாதியக் கொண்டு வந்தா, சேர்த்து வச்சுப் பார்ப்பாங்க. பொருந்தினா நம்ம ஆளு. அந்த அடையாளத் துண்டுக்குத்தான் அந்தப் பேரு. பட்டாளத்துக்காரங்க காவல்ல சொல்ற ரகசியச் சொல்லுக்கும் லத்தீன்ல அதே பேரு வந்துச்சு. ஆதித் திருச்சபையில இந்தச் செபத்தை எழுதி வைக்க விடமாட்டாங்க. ஞானஸ்நானம் வாங்கப் போறவங்களுக்கு வாயால சொல்லிக் குடுப்பாங்க, அவங்க திருப்பி ஒப்பிக்கணும். ஒப்பிச்சா உள்ள வரலாம். பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிச் சேர்த்தாங்கன்னு ஒரு கதைகூட உண்டு. பின்னால படிச்சவங்க அதை ஒத்துக்கல. இப்ப கட்சிச் சின்னத்துக்கு சிம்பல்னு சொல்றோமே, அதே வேர்தான்."

பாண்டியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த ஓடு ஒடைஞ்ச எடம் வழவழன்னு நேரா இருந்தா?" என்றார்.

"அப்ப யார் ஓடும் பொருந்திருமே. கோணல்மாணலா ஒடைஞ்சாத்தான் ஆள் தெரியும்."

பாண்டியம்மாள் எழுந்துவிட்டார். "சாமி, நாளைக்கு மத்தியானம் சூசை வீட்டுக்கு வரணும் நீங்க. பழைய செபம் மறந்து போச்சுன்னா இன்னைக்குப் படிச்சுக்கோங்க."

மறுநாள் சவரியம்மாளின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்: சூசைமாணிக்கம், அருளாயி, சாமியார், ஜெனிபர். அந்த மனிதனை மட்டும் தெருமுனை வேப்பமரத்தடியில், ஒரு சத்தமும் எட்டாத தூரத்தில் உட்காரவைத்துவிட்டு வந்தார் பாண்டியம்மாள். வந்தவர் டி.வி.யை அணைத்தார்.

"அறிக்கை கொண்டு வந்தீகளா மேடம்?" என்றார் சூசை.

"வாயால சொல்லிட்டு அப்புறம் தாரேன். ஒங்க பரீட்சையில எனக்கு ஒரு சந்தேகம். கோயில்ல சொல்ற செபத்தை விட்டுட்டு, இந்த வீட்டுல சொல்ற பழசை ஏன் கேட்டீக? புதுசுல உத்தானம்ங்கிற வார்த்தையே கெடையாது. உத்தமபாளையம் வர்றதுக்கு வழியில்ல. அந்தத் தப்பு விழணும்னா பழசுதான் வேணும். தப்பு விழும்னு தெரிஞ்சுதான் கேட்டிருக்கீக."

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அதை நீங்களே எங்க ஆபீஸ்ல சொல்லிட்டீக. ஜெனிபர், இவர் என்ன சொன்னாரு?"

ஜெனிபருக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. "'மறுபடியும் அதே உத்தமபாளையம்'னு சொன்னாரு."

"ஒரே தடவைதான் சொல்ல வச்சதாச் சாமி சொல்றாக. மறுபடியும்னா, மொதல் தடவை எப்ப?"

சூசை மனைவியைப் பார்த்தார். அருளாயி முந்தானையை இழுத்துச் செருகினாள். "கோவத்துல வாய் தவறி ஒரு வார்த்தை வர்றதுதான். இதுக்கெல்லாமா அர்த்தம் பார்ப்பாக?"

"பார்க்க வேணாம்மா. கேட்டுருவோம். அத்தைக்குச் சத்தம் ஆகாதுன்னு செபத்தை நிப்பாட்டினீக; ஆனா நாடகத்துச் சத்தம் தெருவரைக்கும் கேக்குது. மணி அடிச்சதும் அவுக வாய் அசைஞ்சது, நீங்க ஓடிப்போய்ச் சத்தம் கூட்டினீக. என்கூட வேலை பார்த்த ஒச்சாண்டி ஏட்டுக்கு இதே வாதம் வந்து பேச்சு போச்சு. பொண்டாட்டி பேரு வராது, தண்ணி கேக்க வராது. ஆனா அம்பது வருஷமா வைஞ்ச கெட்ட வார்த்தை மட்டும் ஒண்ணு விடாம வரும். பழகின வாயி தனியா ஓடும்னு டாக்டரே சொன்னாரு. இந்தம்மா பழகினது ஏட்டு பழகினது இல்ல. சாமி, ஆரம்பிங்க."

கோயில் மணி அடித்தது. சாமியார் குனிந்து, "பரலோகத்தையும் பூலோகத்தையும்..." என்று தொடங்கினார்.

கட்டிலில் கிடந்த அம்மாவின் கண்கள் மேலே எங்கோ நிலைத்தன. உதடு அசைந்தது. பிறகு குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, தட்டையாக, ஆனால் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல். ஒரு வருஷமாகப் பேச்சில்லாமல் கிடந்தவர் சாமியாரை முந்திக்கொண்டு போனார். பிலாத்தைக் கடந்தார், மூன்றாம் நாளைக் கடந்தார், பாவப் பொறுத்தலைக் கடந்தார். சாமியார் வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டார்.

"சரீர உத்தமபாளையத்தை விசுவசிக்கிறேன்," என்றார் சவரியம்மாள், தனியாக.

யாரும் சிரிக்கவில்லை.

"சரியாச் சொல்றவுக ஊரெல்லாம் இருக்காக," என்றார் பாண்டியம்மாள். "அது வழவழப்பான ஓடு, யாரோடயும் பொருந்தும். இந்தக் கோணல் இந்த ஒரு வீட்டுல மட்டும்தான் ஒடைஞ்சது. ஒரு பாதி இந்தக் கட்டில்ல கெடக்கு. இன்னொண்ணு மரத்தடியில உக்காந்திருக்கு."

சூசைமாணிக்கம் சுவரில் சாய்ந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்த ஜெனிபருக்கு அவர் குரல் அத்தனை தணிந்திருந்தது பயமாக இருந்தது.

"அவன் அஞ்சு வயசுல அப்பிடிச் சொன்னான். எங்காத்தா சிரிச்சாக. அப்புறம் அவுகளும் வெளையாட்டுக்கு அப்பிடியே சொன்னாக. அவன் போனான். வெளையாட்டு நிக்கல. தெனம் சாயங்காலம், மொழங்கால்ல நின்னு, அவன் வார்த்தையத்தான் சொன்னாக. நான் பக்கத்துல நின்னு சரியாச் சொல்லுவேன். சத்தமாச் சொல்லுவேன். ஒரு நா... ஒரே ஒரு நா என் வார்த்தையச் சொல்லியிருக்கலாம்ல? பீ மூத்திரம் அள்ளுறது நானு. படுத்ததுல இருந்து ஆத்தா வாயில எம்பேரு வந்ததில்ல. அவன் உத்தமபாளையம் மட்டும் அப்பிடியே இருக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேயாட்டம் வந்து நிக்கிறான். பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். நடை மாறல. போடா நாயேன்னு இருந்துச்சு எனக்கு."

சொல்லிவிட்டு வெளியே போய், முற்றத்தில் மருந்துத் தெளிப்பான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஜெனிபர் ஓடிப்போய் மரத்தடியில் இருந்தவனைக் கூட்டிவந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, முற்றத்தில் அண்ணனைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றான். அண்ணன் தலையைத் தூக்கவில்லை. உள்ளே வந்து துண்டை எடுத்துவிட்டுக் கட்டிலருகே மண்டியிட்டான்.

"ஆத்தா. நான் இன்னாசி வந்திருக்கேன்."

சவரியம்மாள் அந்த முகத்தைப் பார்த்தார். வெந்து இறுகிய கன்னத்தை, இமையில்லாத ஒரு கண்ணைப் பார்த்தார். நல்ல கை மெதுவாக மேலே வந்தது. விரல்கள் தழும்பைத் தொட்டன; சுடுசட்டியைத் தொட்ட மாதிரி பின்னால் போயின. அந்த அம்மாவின் கண்களில் பயம் நிறைந்தது. வாய் கோணியது, திணறியது, எதையோ தேடியது.

"சூசை," என்று கூப்பிட்டார். "சூசை! சூசை!"

செபம் அல்ல. பெயர். ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பெயர்.

முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். நிலைப்படியில் கால் தயங்கியது. இத்தனை காலம் அவர் காத்திருந்த குரல்தான் அது; ஆனால் தம்பி முன்னால், ஊர்ச் சாமியார் முன்னால், பொய்யனாக நிற்கிற நேரத்தில் வந்துவிட்டது. அவர் கட்டிலில் உட்கார்ந்ததும் தாய் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மண்டியிட்டிருந்தவனைப் பார்க்காமல் முகத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இன்னாசி எழுந்து கதவோரம் போய் நின்றான். துண்டை மறுபடி முகத்தில் போட்டுக்கொண்டான்.

"அக்கா, நாம நிரூபிச்சுட்டோம்ல?" என்றாள் ஜெனிபர். "அப்புறம் ஏன்..."

"நமக்குத்தான் நிரூபிச்சோம். அவுகளுக்கு இல்ல." பாண்டியம்மாள் சூசையின் பக்கம் திரும்பினார். "அவுக இப்ப நம்புறது ஒரே ஒரு ஆளோட வாயைத்தான். நீங்க சொன்னா நம்புவாக."

சூசைமாணிக்கம், தாய் பிடித்த கையை விடுவிக்காமலே, அவர் காதருகே குனிந்தார்.

"ஆத்தா. அது வேத்தாள் இல்ல. நம்ம இன்னாசி."

ஒரு தடவை சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னார். சவரியம்மாள் தலையாட்டவும் இல்லை, கதவுப் பக்கம் பார்க்கவும் இல்லை. அவர் கண்கள் மூத்த மகனின் முகத்தைவிட்டு நகரவே இல்லை. பேசுகிற வாயை மட்டும், குழந்தை பார்க்கிற மாதிரி, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கும் சொல்றேன்," என்றார் சூசை, யாரையும் பார்க்காமல். "நீ இங்கனயே இருடா."

எழுந்து போகட்டும் இந்தக் கசப்பு, கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பு நின்று எரியட்டும், பானை நிறையட்டும். தூரமாய்ப் போன பிள்ளை எந்த முகத்தோடு திரும்பினாலும் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் எழுந்துபோய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவரட்டும். போகாமல் கூடவே கிடந்து பார்க்கிற பிள்ளையின் பெயரும், வாய் நன்றாக இருக்கும்போதே, அன்றாடம் உங்கள் வாயில் வரட்டும். நல்லா இருங்கள், நிறைவா இருங்கள்.